சிறு கடற்படகுகளில் சுமைச் சமநிலை

சுமைச் சமநிலை என்பது, கயாக், கட்டுமரம், வள்ளம் போன்ற சிறிய படகுகளில் ஆட்களும் பொருள்களும் எங்கே அமைகின்றன என்பதையும், அவ்வமைப்பு காற்றில் படகின் போக்கை எவ்வாறு மாற்றுகின்றது என்பதையும் குறிக்கும். பெரிய கப்பலொன்றில் ஒரு மனிதனின் எடை ஒரு பொருட்டன்று. ஒருவர் மட்டும் அமரும் கடற்கயாக்கிலோ, படகு, ஆள், பொருள் மூன்றும் சேர்ந்த மொத்த எடையில் ஏறத்தாழப் பாதி அந்த ஆளின் எடையே ஆகும். இதனால், ஒரு தண்ணீர்க் குடுவையை முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றி வைப்பதுகூடப் படகின் நடத்தையில் தெளிவாகத் தெரியும்.

மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வண்டியில் முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும். படகுக்கும் முன்பாரம், பின்பாரம் உண்டு. வேறுபாடு என்னவெனில், வண்டியில் பாரம் தவறினால் மாடு தவிக்கும். படகில் பாரம் தவறினால் காற்று படகைத் தன் விருப்பப்படி திருப்பிக்கொள்ளும்.

தாமிரபரணி ஆறு புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கின்றது. இதற்கு வடக்கே தூத்துக்குடியும், தெற்கே காயல்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு, உவரி, இடிந்தகரை முதலிய ஊர்களும் உள்ளன. முன்னாளில் இக்கரை முழுவதும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1986 ஆம் ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாள் தூத்துக்குடி தனி மாவட்டமானபின், உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி ஆகியவை அடங்கிய தென்பகுதியே திருநெல்வேலி மாவட்டத்தில் எஞ்சியது. ஆண்டின் பெரும்பகுதியில் காற்று மிகுந்து வீசும் இக்கரையில், சிறுபடகின் சுமையைக் காற்றுக்கு ஏற்ப அமைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகின்றது. கயாக் இங்கே அண்மைக்காலத்து வரவாகும்.

படகின் மீது காற்றின் விசை

காற்று ஒரு பொருளின் மீது செலுத்தும் விசை, காற்றின் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றது. 10 நாட் வேகத்தில் வீசும் காற்று 20 நாட் ஆகும்போது அதன் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகின்றது. (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர் ஆகும்.) கடலில் காற்றை அளக்கப் பயன்படும் போபர்ட் அளவுகோலில் 7 முதல் 10 நாட் வரையிலான காற்று மூன்றாம் படியைச் சேர்ந்தது. அலைகளின் தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெண்ணுரை தோன்றத் தொடங்குவது இப்படியிலேயே. 11 முதல் 16 நாட் வரை நான்காம் படி. வெண்ணுரை பரவலாகத் தெரியும். 17 முதல் 21 நாட் வரையிலான ஐந்தாம் படியில், பயிற்சி பெற்றவர்களுக்கும் கயாக்கைக் காற்றுக்கு எதிராகச் செலுத்துவது கடின உழைப்பாகும். கயாக்கின் இயல்பான வேகம் 3 முதல் 4 நாட் மட்டுமே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

காற்று படகைத் தள்ளுவது மட்டும் சிக்கலன்று. அது படகைத் திருப்பவும் செய்கின்றது. நிற்கும் படகு, காற்றுக்குக் குறுக்காகத் தன் பக்கவாட்டைக் காட்டியபடி மிதக்கும். ஓடும் படகின் நிலை வேறு. முன்னே செல்லும் படகின் அணியம், அதாவது முன்முனை, கலங்காத நீரைப் பிளந்து செல்கின்றது. அதன் இருபுறமும் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் அணியம் ஆப்பு அடித்ததுபோல் பிடிப்புடன் நிற்கும். பின்முனையோ, படகே கலக்கிவிட்டுச் சென்ற நீரில் இருப்பதால் அதற்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. பக்கவாட்டிலிருந்து வீசும் காற்று முன்முனையை அசைக்க இயலாமல் பின்முனையைத் தள்ளிவிடும். இதன் விளைவாக அணியம் காற்று வரும் திசையை நோக்கித் திரும்பும். கூரையின் மேலுள்ள திசைகாட்டிச் சேவல் காற்றை நோக்கித் திரும்புவது போன்ற இந்நடத்தையைக் காற்றுமுகம் திரும்பல் எனலாம். ஏறத்தாழ எல்லாக் கடற்கயாக்குகளும் இவ்வியல்பை ஓரளவு கொண்டவையே.

இவ்வியல்பு சிறிதளவு இருப்பது நல்லது. களைத்துப்போன ஒருவரின் படகு காற்றை நோக்கித் திரும்புமானால், அலைகளை அவர் நேருக்கு நேர் சந்திப்பார். அளவு மிகும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. நேராகச் செல்வதற்காக ஒரே பக்கத்தில் மீண்டும் மீண்டும் துடுப்பு வலிக்க வேண்டியிருக்கும். ஒரு மணி நேரத்துக்குப் பின் அந்தத் தோளில் வலு இருக்காது.

முன்பாரமும் பின்பாரமும்

படகின் எந்த முனை நீரில் ஆழ்ந்திருக்கின்றதோ அந்த முனை நீரைப் பற்றிக்கொள்கின்றது. எந்த முனை உயர்ந்திருக்கின்றதோ அதைக் காற்று பற்றிக்கொள்கின்றது. சுமைச் சமநிலை பற்றிய ஏனைய யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முன்பாரம் மிகுந்தால் அணியம் ஆழ்ந்து பின்முனை எழும். காற்று பின்முனையைத் தள்ளுவது மேலும் எளிதாகின்றது. படகு ஓயாமல் காற்றை நோக்கித் திரும்பும். அதைத் திசைமாற்றக் கடும் முயற்சி தேவைப்படும். காற்றுக்கு எதிராகவே செல்ல வேண்டியிருக்கும்போது மட்டும் சிறிதளவு முன்பாரம் உதவும். காற்று பின்னாலிருந்து வரும்போது அதே முன்பாரம் ஆபத்தானது. பின்னே வரும் அலை பின்முனையைத் தூக்க, அணியம் முன்னுள்ள அலையின் அடியில் புதையும். புதைந்த முனை நிற்க, தூக்கப்பட்ட முனை சுழன்று, படகு அலைக்குக் குறுக்காக விழும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கப் போதுமானது.

பின்பாரம் மிகுந்தால் நிலைமை தலைகீழாகும். அணியம் எழுந்து நிற்பதால் காற்று அதைத் தள்ளிவிடும். படகு காற்று போகும் திசைக்குத் திரும்பும். கரையிலிருந்து கடல்நோக்கிக் காற்று வீசும் நாளில் இது முன்பாரத்தைவிடக் கொடியது. கரைக்குத் திரும்ப வேண்டியவர் அணியத்தைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப இயலாமல் ஆழ்கடல் நோக்கி அடித்துச் செல்லப்படக்கூடும்.

இதனால் கயாக் பயிற்றுநர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பது சமபாரம், அல்லது மிகச் சிறிய அளவு பின்பாரம் ஆகும். மிகச் சிறிய அளவு என்றால் எவ்வளவு என்பதை ஓர் எளிய கணக்கால் காணலாம். 25 கிலோகிராம் எடையுள்ள கயாக்கில் 70 கிலோகிராம் எடையுள்ளவர் 40 கிலோகிராம் பொருள்களுடன் செல்கிறார் எனக் கொள்வோம். மொத்தம் 135 கிலோகிராம். இதில் 10 லிட்டர் தண்ணீரை, அதாவது 10 கிலோகிராம் சுமையை, முன்னறையிலிருந்து 3 மீட்டர் பின்னே உள்ள அறைக்கு மாற்றினால், மொத்த எடையின் ஈர்ப்பு மையம் 10 × 3 ÷ 135 மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ரிமீட்டர் பின்னே நகரும். ஏறத்தாழ 5 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய படகில் இது பெரிய மாற்றமாகும். ஒரேயொரு தண்ணீர்க் குடுவையால் முன்பாரப் படகு பின்பாரப் படகாகிவிடும்.

இரு முனைகளிலும் சமமாக ஏற்றிவிட்டால் போதுமா என்னும் கேள்வி எழலாம். போதாது. காவடித்தண்டின் இரு நுனிகளிலும் பளுவான குடங்களைத் தொங்கவிட்டுச் சுமப்பவர் சட்டெனத் திரும்ப இயலாது. திரும்பத் தொடங்கிவிட்டால் சட்டென நிற்கவும் இயலாது. முனைகளில் பளுவைத் திணித்த கயாக்கும் அவ்வாறே. அதன் அணியம் அலை வரும்போது எழாமல் அலைக்குள் புகும். எனவே பளுவானவை நடுவிலும் இலேசானவை முனைகளிலும் அமைய வேண்டும்.

பக்கச் சமநிலை

நீளவாட்டுச் சமநிலை படகின் திசையைத் தீர்மானிக்கின்றது என்றால், பக்கச் சமநிலை படகு நிமிர்ந்து நிற்குமா என்பதைத் தீர்மானிக்கின்றது. பளு தாழ்வாகவும் படகின் நடுக்கோட்டுக்கு அருகிலும் இருக்க வேண்டும். மேற்தளத்தில் பொருள்களைக் கட்டி அடுக்குவது இருவகையில் தீங்காகும்: ஈர்ப்பு மையம் உயர்கின்றது, காற்று பிடிக்க ஒரு பரப்பும் கிடைக்கின்றது.

ஒரு பக்கம் சாய்ந்த படகு அந்தப் பக்கம் திரும்பும் என்றே பலரும் நினைப்பர். உண்மையில், முன்னே செல்லும் கயாக் வலப்புறம் சாய்ந்தால் இடப்புறமாகவே திரும்பும். நீரில் ஆழ்ந்த பக்கத்தின் வளைந்த விளிம்பு படகை எதிர்த்திசைக்கு வழிநடத்துவதே இதற்குக் காரணம். பயிற்சி பெற்றவர்கள் இடுப்பை அசைத்துப் படகைச் சாய்த்து, காற்றினால் ஏற்படும் திருப்பத்தை இவ்வாறே ஈடுசெய்கின்றனர். பக்கச்சுமை சமமற்ற படகோ, எவரும் கேளாமலே நாள் முழுதும் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்.

படகினுள் தேங்கும் நீர் தனிவகைச் சுமை. அது கட்டிவைக்கப்படாத சுமை. படகு எந்தப் பக்கம் சாய்கின்றதோ அந்தப் பக்கமே ஓடிச் சாய்வை மிகுதிப்படுத்தும். கடற்கயாக்கின் உட்புறம் குறுக்குத் தடுப்புகளால் தனித்தனி அறைகளாகப் பிரிக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். ஓடும் சுமை நீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2009 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் கேரளச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும், படகின் நிலைப்பு குறைவாக இருந்ததும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 25 ஆம் நாள் பழவேற்காட்டில் அளவுக்கு மிஞ்சி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். இவற்றில் முதலாவது நடந்தது கடலில் அன்று, உள்நாட்டு நீர்த்தேக்கத்தில்.

தாமிரபரணிக் கடற்கரையின் காற்றுகள்

பழந்தமிழில் வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து வீசுவது தென்றல், கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து வீசுவது கோடை எனப்பட்டது. கடலோர மக்களின் வழக்கில் மேற்குக் காற்று கச்சான் எனப்படுகின்றது. நீரோட்டத்தை நீவாடு என்பர். காற்றும் நீவாடும் ஒரே திசையில் சென்றால் கடல் ஓரளவு தணிந்திருக்கும். எதிரெதிராக இருந்தால் அலைகள் குறுகி, செங்குத்தாக எழும்.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய் ஆகியவற்றின் வழியாகக் காற்று ஒடுங்கி விரைந்து வருகின்றது. முப்பந்தலிலும் கயத்தாறு வட்டாரத்திலும் காற்றாலைகள் நிறைந்திருப்பது இதனாலேயே. இதே காற்று சமவெளியைக் கடந்து கடலில் இறங்குகின்றது. தூத்துக்குடியில் கரை ஏறத்தாழ வடக்குத் தெற்காக அமைந்திருப்பதால் மேற்குக் காற்று நேரே கரையிலிருந்து கடலுக்கு வீசும்.

கயாக் செலுத்துவோரை ஏமாற்றுவது இக்காற்றுத்தான். கரையோரத்தில் கடல் தட்டையாகவும் அமைதியாகவும் தோன்றும். அலை வளர்வதற்குப் பரந்த நீர்ப்பரப்பு தேவை. கரையருகே அது இல்லாததே இவ்வமைதிக்குக் காரணம். வெளியே செல்லச் செல்லக் காற்றும் அலையும் கூடும். எடுத்துக்காட்டாக, காற்றின் துணையுடன் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 2 கிலோமீட்டர் தொலைவைக் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். திரும்பும்போது எதிர்காற்றில் வேகம் 1.5 நாட்டாகக் குறையுமாயின் அதே தொலைவுக்கு முக்கால் மணி நேரம் தேவைப்படும். படகு பின்பாரமாகவும் இருந்தால், அந்த முக்கால் மணி நேரமும் அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பி வைப்பதிலேயே வலு தீரும். மணப்பாடு போன்ற முனைகளைச் சுற்றிச் செல்லும்போது, ஒரு பக்கத்தில் மறைந்திருந்த காற்று மறுபக்கத்தில் முழு வேகத்துடன் எதிர்ப்படும்.

பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் கடல் பெரும்பாலும் தணிந்திருக்கும். அதிகாலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்றும், நண்பகலுக்குப் பின் கடலிலிருந்து வலுவான காற்றும் வீசுவது அப்போதைய ஒழுங்காகும்.

மரபுப் படகுகளில் சமநிலை

கட்டுமரம் என்பது இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய மிதவையாகும். ஆங்கிலத்திலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் வழங்கும் கட்டமரான் என்னும் சொல் இதிலிருந்து பிறந்தது. ஆனால் அச்சொல் இன்று இரட்டை உடல் கொண்ட, முற்றிலும் வேறான படகையே குறிக்கின்றது. கட்டுமரத்துக்கு உட்குழிவு இல்லை. மேலே விழும் நீர் மரங்களின் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். ஆகவே, தேங்கிய நீர் பக்கத்துக்குப் பக்கம் ஓடிக் கவிழ்க்கும் ஆபத்து இதற்கு இல்லை. இன்று சுற்றுலா இடங்களில் காணப்படும், மேலே அமர்ந்து செலுத்தும் நெகிழிக் கயாக்குகளில் நீர் வடியத் துளைகள் விடப்பட்டிருப்பதும் இதே கருத்தில்தான்.

கட்டுமரத்தில் ஆட்களே பெரிய சுமை. மண்டியிட்டோ நின்றோ துடுப்பு வலிக்கும் இருவர் மூவர், அலைக்கும் காற்றுக்கும் ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்து சமநிலையை மாற்றிக்கொள்வர். கரையோர நுரையலையைக் கடந்து வெளியேறும்போது எடை முன்னே தேவை. அலையோடு கரை திரும்பும்போது பின்னே தேவை. பின்னால் இருப்பவரின் துடுப்பே சுக்கானாகவும் பயன்படும். கயாக்கில் அமர்ந்தவருக்கு இவ்வாறு நகரும் வசதி இல்லை. அவர் ஒரு குழிக்குள் பொருத்தப்பட்டவர். இடுப்புக்கு மேலே மட்டுமே அசையலாம். கட்டுமரத்துக்காரர் கடலில் செய்யும் திருத்தத்தைக் கயாக்காரர் கரையிலேயே செய்துவிட வேண்டியுள்ளது. இரண்டுக்கும் இடையேயுள்ள முதன்மையான வேறுபாடு இதுவே எனலாம்.

நெடுநேரம் நீரில் கிடந்த கட்டுமரம் நீரை உறிஞ்சிப் பளுவாகும். ஆகவே மரங்களை அவிழ்த்துக் கரையில் உலரவிடும் வழக்கம் இருந்தது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் விரைவாகப் பிடித்துக்கொண்டன. இவற்றில் பொறி பின்முனையில் பொருத்தப்படுவதால் இயல்பாகவே பின்பாரம் உண்டு. வலை, கயிறு, நங்கூரம் ஆகியவை முன்னே இருக்கும்போது அது ஈடாகின்றது. முன்பகுதி வெறுமையாக இருந்தால் எழுந்து நிற்கும் அணியத்தைப் பக்கக் காற்று எளிதில் தள்ளும்.

பாய்ப் படகுகளில் காற்றின் சாய்க்கும் விசை மிகப் பெரிது. இதற்குப் பாக்கு நீரிணைப் பகுதியில் கண்ட விடை வியப்புக்குரியது. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை வட்டாரத்தின் வத்தை என்னும் படகில், நீண்ட பலகை ஒன்று படகின் குறுக்கே வைக்கப்பட்டு, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டப்படும். ஆட்கள் அப்பலகையின் நுனிவரை சென்று கடலுக்கு மேலே அமர்ந்து, பாயின் சாய்வைத் தம் உடல் எடையால் ஈடுசெய்வர். படகு திசைமாறும்போது பலகை மறுபக்கம் தள்ளப்படும். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவரும் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்புகளை ஆராய்ந்தவருமான ஜேம்ஸ் ஹோர்னெல் (1865–1949), இந்தியப் படகு வடிவங்கள் பற்றி 1920 இல் வெளியிட்ட நூலில் இச்சமநிலைப் பலகையையும் விவரித்துள்ளார்.

இலங்கையின் தென், மேற்குக் கரைகளில் சிங்கள மொழியில் ஒருவ எனப்படும் படகுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் மிதவைக் கட்டை உண்டு. அக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கத்திலேயே வைக்கப்படும். படகின் இரு முனைகளும் ஒத்த வடிவுடையவை. எனவே திரும்பி வருவதற்குப் படகைத் திருப்புவதற்கு மாறாக முன்முனையைப் பின்முனையாக்கிக்கொள்வர். காற்று வலுக்கும்போது ஆட்கள் மிதவையைத் தாங்கும் கழிகளின் மீது ஏறிச் செல்வர். எத்தனை பேர் ஏற வேண்டியிருந்தது என்பதைக் கொண்டு ஒருவர் காற்று, இருவர் காற்று என்று காற்றின் வலிமையே அளக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. போபர்ட் அளவுகோலைவிட இது சிறுபடகுக்குப் பொருத்தமானது என்பதில் ஐயமில்லை.

தூத்துக்குடித் தோணிகள் சரக்குப் படகுகள். பழைய துறைமுகம் ஆழமற்றது ஆதலால் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல்களுக்கு அப்பால் நங்கூரமிட, தோணிகள் சரக்கை ஏற்றி இறக்கின. கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் சென்ற தோணிகளும் உண்டு. பின்னர் இவற்றில் பொறி பொருத்தப்பட்டது. ஜோ டி குரூஸ் எழுதி 2013 ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்ற கொற்கை என்னும் புதினம் இத்தோணித் தொழிலைப் பின்புலமாகக் கொண்டது. சரக்குடன் செல்லும் பாய்க்கலத்தைவிடச் சரக்கில்லாமல் திரும்பும் பாய்க்கலமே காற்றில் எளிதிற் சாயும். எனவே இத்தகைய கலங்கள் வெறுமையாகத் திரும்புகையில் அடியில் கல், மணல் போன்றவற்றை நிலைச்சுமையாக ஏற்றுவது உலகெங்கும் வழக்கமாக இருந்தது.

கயாக்கில் சுமை ஏற்றுதல்

கயாக் வட முனைப் பகுதியின் இனுவிட் மக்கள் கடல்வேட்டைக்குப் பயன்படுத்திய படகாகும். மேற்புறம் மூடியது, இரு நுனிகளிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தப்படுவது. இன்றைய கடற்கயாக்குகளில் ஆள் அமரும் குழிக்கு முன்னும் பின்னும் நீர் புகாத மூடியுள்ள அறைகள் இருக்கும்.

மன்னார் வளைகுடாக் கரையில் நெடும்பயணம் செல்வோருக்குப் பளுவான பொருள் உணவன்று, குடிநீரே. வெயிலில் துடுப்பு வலிக்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 அல்லது 5 லிட்டர் தேவைப்படும். மூன்று நாளுக்கு 12 முதல் 15 கிலோகிராம். இது ஒரே பெரிய கலத்தில் இருந்தால் அந்தக் கலம் இருக்கும் இடமே படகின் தலையெழுத்தாகும். 2 லிட்டர் அளவுள்ள பல பைகளாகப் பிரித்து, குழிக்குச் சற்று முன்னும் பின்னும், படகின் அடியில், நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக வைப்பது நல்ல முறை. அடுத்துப் பளுவானவை, அதாவது அரிசி, சமையல் கலங்கள் முதலியவை, இவற்றை ஒட்டி அமையும். துணி, படுக்கை போன்ற இலேசானவை முனைகளுக்குச் செல்லும். அலையில் உருளாதவாறு யாவும் இறுக அடைக்கப்பட வேண்டும்.

ஏற்றியபின் படகை முழங்கால் ஆழ நீரில் மிதக்கவிட்டு, ஆள் அமர்ந்த நிலையில் மற்றொருவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்பாரமா பின்பாரமா என்பது தெரிந்துவிடும். படகு சுமையின்றி இருக்கும்போது நீர் எட்டும் அளவைப் பக்கங்களில் ஒட்டுத்தாளால் குறித்து வைத்திருப்பது இதை எளிதாக்கும். பலர் இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்வதில்லை. குறையைக் கடலில் உணரும்போது மூடியைத் திறக்க வழி இருப்பதில்லை.

எஞ்சும் சிறு குறைகளை அடிச்செட்டை சரிசெய்கின்றது. இது மீனின் செட்டையைப் போன்று பின்முனையின் அடியிலிருந்து இறக்கத்தக்க ஒரு தகடாகும். இறக்கினால் பின்முனைக்கு நீரில் பிடிப்பு கூடுகின்றது. காற்றுமுகம் திரும்பல் குறைகின்றது. பாதி இறக்கிப் பக்கக்காற்றில் நேராகச் செல்லலாம். முழுவதும் இறக்கினால் படகு காற்று போகும் பக்கம் திரும்பத் தொடங்கும். பின்பாரப் படகுக்கு இதனால் பயனில்லை. ஏற்கனவே பிடிப்பு மிகுந்த முனைக்கே அது மேலும் பிடிப்பைத் தருகின்றது.

நன்கு ஏற்றிய படகு வெறும் படகைவிடக் காற்றில் அமைதியாகச் செல்லும். நீரில் ஆழ்ந்திருப்பதால் காற்றுப் பிடிக்கும் பரப்பு குறைகின்றது. ஆயினும் வேகம் குறையும். நுரையலையில் கரையேறும்போது நிறுத்துவதும் கடினம். ஜெர்மானியரான ஒஸ்கார் ஸ்பெக், 1932 இல் உல்ம் நகரில் தன்யூப் ஆற்றிலிருந்து மடிப்புக் கயாக்கில் புறப்பட்டு, 1930களின் நடுப்பகுதியில் இந்தியக் கரையோரமாக இலங்கை வந்து, 1939 இல் ஆஸ்திரேலியப் பகுதியை அடைந்தார். தேவையான பொருள்கள் யாவற்றையும் அச்சிறு படகிலேயே கொண்டுசென்ற அவர் சிறு பாய் ஒன்றையும் பயன்படுத்தினார். ஆஸ்திரேலியப் பெண்மணி சாண்டி ராப்சன் 2011 முதல் 2016 வரை அவ்வழியைப் பின்பற்றிப் பயணம் செய்தார்.

தமிழ்நாட்டில் கயாக் பெரும்பாலும் காற்று மறைவான நீர்நிலைகளில் காணப்படுகின்றது. இராமநாதபுரம் மாவட்டம் காரங்காட்டின் அலையாத்திக் காடு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுவதால், இசைவின்றி அவற்றில் கரையேறுதல் தடைசெய்யப்பட்டுள்ளது. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான்தீவு முதலியவற்றை ஒதுங்கிடமாகக் கொண்டு பயணத்தைத் திட்டமிட இயலாது. சமநிலை தவறிய படகுக்கு நடுவழியில் தங்கிச் சுமையை மாற்றியடுக்கும் வாய்ப்பு இக்கடலில் குறைவு.

பயணத்தினிடையே மாறும் சமநிலை

புறப்படும்போது இருந்த சுமை திரும்பும்போது இருப்பதில்லை. காற்றும் அதுவே அன்று. 1961 வரை தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள பார்களில் நடந்த முத்துக்குளிப்பில், படகுகள் நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் புறப்பட்டு, நண்பகல்வரை குளித்து, பிற்பகற் கடற்காற்றில் திரும்பின. செல்லும்போது ஆட்களும் கயிறும் கல்லும் மட்டும். திரும்பும்போது சிப்பிக் குவியலும் உண்டு. மென்மையான காற்றில் இலேசாகச் சென்ற படகு, வலுவான காற்றில் பாரத்துடன் வந்தது. வலைப்படகின் நிலையும் இதுவே. உலர்ந்த வலை ஈர வலையாகின்றது. வெறும் பெட்டி மீன்பெட்டியாகின்றது. ஈர வலையை இழுத்த பக்கத்திலேயே குவித்து விட்டுவிட்டால் பக்கச் சமநிலையும் கெடுகின்றது.

கயாக்கில் மாற்றம் எதிர்ப்புறமாக நிகழ்கின்றது: சுமை குறைந்துகொண்டே போகும். கைக்கெட்டும் இடத்திலுள்ள தண்ணீரை மட்டுமே குடித்துத் தீர்ப்பதால், மூன்றாம் நாளில் சமபாரமாக இருந்த படகு முன்பாரமாகவோ பின்பாரமாகவோ ஆகியிருக்கும். ஆகவே முன்னறையிலிருந்து ஒரு பை எடுத்தால் அடுத்தது பின்னறையிலிருந்து எடுக்கப்பட வேண்டும். இடப்புறத்துக்கு அடுத்து வலப்புறம். காற்று வலுத்திருக்கும் நாளில் படகு மிக இலேசாகிவிட்டதாகத் தோன்றினால், வெறுமையான பைகளில் கடல்நீரை நிரப்பி, பழைய இடங்களிலேயே மீண்டும் வைப்பதும் உண்டு.